சாவியக்கா

"இவனுக்கு இன்னிக்கோட ஆயுசு முடியுது, இவனுக்கு நாளைக்கு" என்று திரையில் விரலை ஓட்டியபடி தேநீரை ஆறவிடுகிறார் சாவியக்கா. அவர் சொல்வது ஆட்களை அல்ல, இயந்திரங்களை. நாற்பது மருத்துவமனைகளின் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்துவைக்கும் நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. எங்கோ வாடகைக்கு எடுத்த கணினிகளில் ஆயிரத்துச் சொச்சம் நிரல்கள் ஓடுகின்றன. ஒன்று இன்னொன்றின் கதவைத் தட்டினால், தான் யார் என்று காட்ட ஓர் அடையாளமும் திறக்க ஒரு ரகசியச் சாவியும் வேண்டும். அவற்றைக் கொடுப்பதும் பிடுங்குவதும் அக்காவின் வேலை.

கூடுமானவரை ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் சாவிகளைத்தான் கொடுப்பார். "மெஷினுக்கெல்லாம் பாவம் பாக்கக் கூடாது. வேலை முடிஞ்சா சாவிய வாங்கிடணும்" என்பார். மனிதர்கள் விஷயத்தில் நேர்மாறு. கைப்பை எந்நேரமும் வாயைத் திறந்துகொண்டு மேசைமேல் கிடக்கும். வீட்டுச் சாவியை மூன்று முறை தொலைத்ததால் அது இப்போது கணவர் வசம்.

அன்று பதினொரு மணிக்கு, சேர்ந்து இரண்டே மாதமான, நிரல் எழுதும் இளைஞன் ஒருவன் வந்து நின்றான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் மூன்று வாரக் குழந்தை. முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, டெஸ்ட் ரிசல்ட்டு இருக்கிற இடத்தோட சாவிய நேத்து ப்ரோகிராமுக்குள்ளயே எழுதி, வெளியாளுங்களும் பாக்கற வெப்சைட் பக்கத்துல ஏத்திட்டேன். உடனே அந்த வரிய அழிச்சிட்டேன்."

அழித்தால் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பக்கம் பழைய பதிப்பு ஒன்றையும் விடாமல் சேர்த்துவைக்கும். நேற்றையதைப் புரட்டினால் சாவி குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும். அதுவும், ஒரு மணி நேரத்தில் காலாவதியாகாத வகைச் சாவி.

ஏன், எப்படி என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் அந்தச் சாவியைச் செல்லாமல் ஆக்கினார். புதியதைக் கொடுத்தார். பிறகு, நேற்றிலிருந்து யார் யார் உள்ளே வந்தார்கள் என்ற பதிவை வரி வரியாகப் படித்தார். இருபது நிமிடமும் அவன் நின்றுகொண்டே இருந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

"வெளியாள் யாரும் தொடல தம்பி. உக்காருங்க."

"என்னை அனுப்பிடுவாங்களாக்கா?"

பதில் சொல்வதற்குள், சாவி மாறிய அறிவிப்பைப் பார்த்து மேலாளர் வந்துவிட்டார். "யார் பண்ணது?"

"இவர்தான் சார். இவரே வந்து சொல்லலேன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. சாவி உள்ள இருந்தா ஏத்த விடாம தடுக்கற சோதனைய நான் போன மாசமே வெச்சிருக்கணும். வெக்கல."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரிப்போர்ட் அனுப்புங்க. படிச்சிட்டு முடிவு பண்றேன்" என்று போனார்.

அக்கா படிவத்தைத் திறந்தார். 'காரணம்' என்ற கட்டத்தில் தான் வைக்காமல் விட்ட சோதனையை எழுதினார். அடுத்த கட்டம், 'கண்டறிந்தவர்'. அதில் அவன் பெயரை அடிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி அவன் பக்கம் திரும்பினார்.

"இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா தம்பி?"