ஏ வாங்கினாலும் நஷ்டம்

ரமோனா பெட்ரோஸ்கி அமெரிக்காவில் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே வருகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்வது டாக்டர் வேலை. ரமோனாவை மூடச் சொல்ல டாக்டருக்கே தைரியம் கிடையாது.

நல்லவள்தான். பனி கொட்டினால் என் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுவாள். ஆனால் மகள் கொரின் ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த அன்று பள்ளி ஆலோசகர் ஹால்டேன் பெற்றோரைக் கூட்டிவைத்து, “இன்னைலேர்ந்து வாங்குற ஒவ்வொரு கிரேடும் காலேஜுக்குப் போகும்” என்றார். அன்றோடு ரமோனாவின் தூக்கம் போயிற்று.

அந்த வருடமே கொரின் உயிரியலில் ‘சி’ வாங்கினாள். பூச்சிகளைப் பிடித்துக் குண்டூசி குத்திப் பெட்டியில் அடுக்கித் தர வேண்டிய வேலை. பிள்ளைக்குக் கொல்ல மனம் வராமல் தாமதமாகக் கொடுத்தாள். பதினான்கு வயதில் வெட்டுக்கிளிமேல் இரக்கப்பட்டால் பல்கலைக்கழகம் மன்னிக்குமா?

“முதல் கோணல் முற்றும் கோணல்” என்று ரமோனா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். “அவ வாழ்க்கையே போச்சு.”

“ஒரு சி-தானே ரமோனா?”

“உனக்கென்ன, பூனை வளக்கிற. பூனை காலேஜுக்கா போகுது?”

அப்புறம் சராசரியை நிமிர்த்தும் திருப்பணி தொடங்கியது. எங்கள் ஊர்ப் பள்ளியில் கடினமான பாடத்தில் ‘ஏ’ வாங்கினால் ஐந்து புள்ளி. சாதாரணப் பாடத்தில் அதே ‘ஏ’வுக்கு நாலு. பேண்டு வாத்தியமும் சாதாரணப் பாடம். கொரின் டிராம்போன் வாசிக்கிறவள். கராஜில் நின்று குழலை இழுத்து இழுத்து ஊதுவாள், நடுவில் தப்பு வந்தால் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். நான் இசை தெரிந்தவள் இல்லை. ஆனால் அவள் ஊதும்போது பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறேன்.

ரமோனா கணக்குப் போட்டாள். கொரினின் மற்றப் பாடமெல்லாம் ஐந்து புள்ளிப் பாடம். பேண்டில் பிள்ளை பிரமாதமாக ஊதி ‘ஏ’ வாங்கினால் நாலு, அதனால் சராசரி இறங்கும். ஊதாமல் இருந்தால் ஏறும். இப்படி ஒரு கணக்கைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்க வேண்டும், காக்கைகளுக்காவது உதவும்.

“பேண்டை விட்டுடு. அந்த நேரத்துல வேதியியல் எடு.”

“அம்மா, பேண்டுலதான் எனக்கு ஏ வருது!”

“அந்த ஏ-தான்டி உன்னைக் கீழ இழுக்குது.”

கொரின் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. பிறகு பேண்டை விடுவதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கராஜில் சத்தம் நின்றது. எனக்கு ரமோனாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சொன்னால் பூனையை இழுப்பாள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பள்ளியின் கடைசி வருட அக்டோபரில் மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனார்கள், கார் ஓட்ட நானும் போனேன். பெரிய மண்டபம், நூற்றுக்கணக்கான பெற்றோர். அனுமதிப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசி முடித்து, “கேள்வி இருக்கா?” என்றாள். கேட்பானேன்!

“ஒன்பதாவதுல உயிரியல்ல ஒரு சி. அதுக்கப்புறம் எல்லாம் ஏ. சொல்லுங்க, பிழைக்குமா பிழைக்காதா?” என்றாள் ரமோனா. கொரின் நாற்காலிக்குள் புதைந்தாள்.

“அதையும் பாப்போம்ங்க. ஆனா அப்புறம் கிரேடு ஏறியிருக்குல்ல, அது நல்ல விஷயம். ஸ்கூல் போடுற கூடுதல் புள்ளியை எடுத்துட்டு, கணக்கு, அறிவியல், இங்கிலீஷ் மாதிரி பாடங்களை மட்டும் வெச்சு நாங்களே சராசரி போட்டுக்குவோம்.”

“அப்ப பேண்டு?”

“அதை எங்க சராசரியில சேர்க்கவே மாட்டோம். அதனால இறங்காது, ஏறாது. ஆனா பொண்ணு நாலு வருஷம் விடாம ஒண்ணைச் செஞ்சிருந்தா எங்களுக்குப் பிடிக்கும். வாசிக்கிறாங்களா?”

ரமோனாவின் வாய் மூடியது. பல வருடமாக டாக்டருக்கு முடியாதது.

மார்ச்சில் இடம் கிடைத்தது. ரமோனா பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு தெரு முழுக்கக் கேக் கொடுத்தாள். எங்கள் சமையலறைக்கும் இருவரும் வந்தார்கள். கொரின் கைப்பேசியில் முதல் பருவத்துக்குப் பாடங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ரமோனா தயங்கித் தயங்கி, “அங்க பேண்டு இருக்காம்டி. யார் வேணா சேரலாமாம். இனிமே எந்தக் கவலையும் இல்ல, உனக்குப் பிடிச்சதைச் செய்” என்றாள். குரல் கெஞ்சியது. அவள் கெஞ்சி நான் கேட்டதில்லை.

கொரின் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கோபமில்லை, குத்தலும் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

“எதுக்கும்மா? அதுக்குப் பாயிண்ட் கிடையாதே?”