எல்மர் சுட்ட துடைப்பம்

என் தங்கை புருஷன் எல்மர் கிரீபல் ஒரே ஒரு தோட்டா சுட்டதில் பென்சில்வேனியா மலை மான்கள் மூன்று நாள் காட்டைவிட்டு வெளியே வரவில்லை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஒரு மான் காதை ஆட்டியது, அவ்வளவுதான். தோட்டாவும் ஒன்றல்ல, பதினொன்று.

அவர் குறிவைத்தது மானை அல்ல. ஓடைக்கரையில் நின்ற ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரத்தின் உச்சியில் ஒரு கிளை மட்டும் கிறுக்குப் பிடித்ததுபோல் குட்டையாய் அடர்ந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குச் சூனியக்காரி துடைப்பம் என்று பெயர். அதைச் சுட்டு வீழ்த்தி, துண்டுகளை ஹெம்லாக் கன்றுகளில் ஒட்டுக்கட்டினால், தோட்டத்தில் வைக்க அழகான குட்டை மரம் கிடைக்கும்.

தபால்காரர் வேலை நேரம் போக, பன்னிரண்டு வருஷம் எல்மர் அப்படி ஒட்டிய கன்றோடுதான் கிடந்தார். பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

"என் தலையில பேன் இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டே" என்பாள் என் தங்கை வெர்னா. "இந்தப் புது ரகத்துக்கு என் பேருதான் வைக்கணும். பன்னிரண்டு வருஷம் விட்டுக்கொடுத்தவ நான்."

எல்மர் ஒத்துக்கொண்டார். மரப்பிரியர் சங்கத்தின் கண்காட்சியில், மரத்தடியில் அட்டை வைத்தார். மேலே 'வெர்னா'. கீழே அவர் கையெழுத்தில்: 'குட்டை. உயரத்தைவிட அகலம் அதிகம். தலை எப்போதும் தொங்கியே இருக்கும். வெயில் ஆகாது. இடம் மாற்றினால் பல மாதம் வாடும்.'

வெர்னா இரண்டு முறை படித்தாள்.

"இது யாரு?"

"மரம்."

"மேல என் பேரு இருக்கே."

"மேல பேரு, கீழ குணம். பொய் எழுதக் கூடாதுன்னு சங்கத்துல விதி."

பக்கத்தில் நின்ற தீவனக் கடைக்காரர் குனிந்து படித்தார். "கடிக்குமா கடிக்காதான்னு போடலியே, எல்மர்."

வெர்னா பென்சிலை எடுத்துத் தன் பெயரை அடித்தாள். அதன் மேல் 'லெவினா' என்று எழுதினாள். அது எல்மரின் காலஞ்சென்ற அம்மாவின் பெயர்.

"சூனியக்காரி துடைப்பத்துல வந்ததுதானே. பொருத்தமா இருக்கும்."

லெவினாவைத் தெரிந்தவர்கள் வரிசையாக வந்து படித்தார்கள். தலைகள் ஒவ்வொன்றாக ஆடின. எல்மர் எங்காவது பொய் இருக்கிறதா என்று வரி வரியாகத் தேடினார். கிடைக்கவில்லை. அந்தப் பெயரிலேயே மரம் பதிவாயிற்று.

இதை எழுதி முடித்து இருவருக்கும் படித்துக் காட்டினேன். வெர்னா வாய்விட்டுச் சிரித்தாள். எல்மர் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"அந்த அட்டையில ஒரு தப்பு இருந்துச்சு, இப்பத்தான் தெரியுது. அம்மாவை எங்க வீட்டுக்கு மாத்துனப்ப அவங்க வாடவே இல்ல. நாங்க ரெண்டு பேருந்தான் வாடினோம்."