வார்த்தை கூட்டுகிறவர்

ஊதாப் பென்சிலின் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, “அப்பா உசுரோட இருக்காருன்னு போடணும், தங்கச்சி,” என்கிறார் ஹபீபுர் ரஹ்மான்.

எதிரே கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குந்தியிருக்கும் கெங்கம்மாவுக்குப் பொறுமை இல்லை. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் சுமந்து வந்து சாந்தோம் தெருக்களில் விற்கிறவள். கட்டுமரத்தைக் கரையேற்றும்போது மரம் சரிந்து அவள் புருஷனுக்குக் கால் முறிந்துவிட்டது. பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மகன் பக்கிரிக்கு ‘உடனே வா’ என்று இரண்டே வார்த்தையில் ஒரு தந்தி கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள்.

“வான்னா வந்துட்டுப் போறான். நீ இன்னாத்துக்கு பாய் கதாகாலட்சேபம் பண்ணிக்கினு கீற?”

“பம்பாய்லேர்ந்து ரயில்ல வரணும். ‘உடனே வா’ன்னு மட்டும் பாத்தா அப்பன் செத்துட்டான்னே முடிவு கட்டிடுவான். அதையே நெனச்சிக்கினு அம்மாந்தூரம் குந்திக்கினு வரணுமா உன் புள்ள?”

கெங்கம்மா கூடையைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, கால்தான் முறிந்தது என்று போடச் சொன்னாள். சோறு தின்கிறார் என்றும் போடச் சொன்னாள். இரண்டு வார்த்தை பதினொன்றாயிற்று. எழுந்து போகும்போது, இந்த பாயிடம் வந்தால் இப்படித்தான் என்று கூடையிடம் புகார் சொல்லிக்கொண்டு போனாள்.

மயிலாப்பூரில் தந்தி வசதியுள்ள அந்தத் தபாலாபீஸ் வாசலில் பூவரச மரத்தடியில் கவிழ்த்துப் போட்ட கள்ளிப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதன்மேல் அவர். மடியில் ஒரு பலகை, பலகையில் தந்தித் தாள்கள், தலைக்குமேல் மரத்தோடு சேர்த்துக் கட்டிய கறுப்புக் குடை. ஒல்லியான உடம்பு, கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைக் கோட்டு, பழைய துருக்கித் தொப்பி. ஓயாமல் பென்சிலை நனைத்து நனைத்து நாக்கின் நுனியும் கீழுதட்டின் ஓரமும் ஊதா நிறமாகவே ஆகிவிட்டன. வயது ஐம்பத்தெட்டு. வீட்டில் உருது, வீதியில் தமிழ், தாளில் இங்கிலீஷ். வீட்டில் பேச இப்போது ஆள் இல்லாததால் உருதுவுக்கு அதிக வேலை இல்லை.

தந்தி எழுதித் தருகிறவர்கள் பட்டணத்தில் பல தபாலாபீஸ் வாசல்களிலும் உண்டு. அவர்களுடைய சாமர்த்தியமே குறைப்பதில்தான் இருக்கிறது. நீங்கள் அழுதுகொண்டு பத்து நிமிஷம் சொல்வதை ஐந்து வார்த்தையில் அடக்கித் தருவார்கள். வார்த்தைக்குக் காசு ஆயிற்றே. ஹபீபுர் ரஹ்மான் ஒருவர்தான் கூட்டுகிறவர். ‘புறப்படுகிறேன்’ என்று போடச் சொன்னால் யார் யார், எந்த ரயில், எந்த ஸ்டேஷன் என்று கேட்பார். ‘பிரசவம்’ என்றால் தாய் எப்படி, பிள்ளை எப்படி என்று இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்காமல் பென்சிலை எடுக்கமாட்டார். அவசரக்காரர்கள் சலித்துக்கொண்டு தேனாம்பேட்டைத் தபாலாபீஸ் பக்கம் போய்விடுவார்கள். அதனால் பெட்டிக்கு முன்னால் எப்போதும் பெரிய கூட்டம் கிடையாது.

வந்த தந்தியைப் படித்துச் சொல்லச் சொல்லியும் ஆட்கள் வருவார்கள். தாளை வாங்கியதும் அவர் படிப்பதில்லை. விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு வார்த்தைகளை எண்ணுவார். எதிரே நிற்பவர் முகம் வெளிறிப்போகும். எண்ணி முடித்துத்தான் படிப்பார். அந்த மரத்தடியில் அடிக்கடி போய் உட்காருகிற நான், ஏன் இந்தச் சித்திரவதை என்று ஒரு நாள் கேட்டேன். “நீளத் தந்தின்னா பயம் இல்ல, சார். கெட்ட சேதி சுருக்கமாத்தான் வரும். நாலு, அஞ்சு. அதுக்கு மேல எழுத எவனுக்கும் கை வராது,” என்றார்.

ஒரு நாள் வடக்கு மாட வீதி வக்கீல் ஒருவர் ரிக்‌ஷாவிலிருந்து இறங்காமலே விவரத்தைச் சொன்னார். திருச்சியில் இருக்கும் தமையனாருடன் ஏதோ பாகப்பிரிவினை. ஹபீபுர் ரஹ்மான் பாதி எழுதிவிட்டார்.

“போதும் சாயபு, மிச்சத்துக்கு ‘லெட்டர் ஃபாலோஸ்’னு போட்டுடும். ஆத்துக்குப் போய் சாவகாசமா எழுதிண்டா ஆச்சு.”

பென்சில் பலகையின்மேல் படுத்துக்கொண்டது.

“அது மட்டும் நம்ம கை எழுதாதுங்க. கடுதாசில இன்னா எழுதப் போறீங்களோ அத்த இங்கயே சொல்லிடுங்க.”

“என்ன ஓய் இது? ஊர் உலகத்துல எல்லாரும் போடறதுதானே!”

“போடட்டும்.”

வக்கீல் தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், கவுண்டரில் நின்று தம் பேனாவாலேயே அந்த இரண்டு வார்த்தைகளையும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தபோது ஹபீபுர் ரஹ்மான் மரியாதையாக எழுந்து நின்றார். கோபம் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான்.

‘விவரம் கடிதத்தில்’ என்ற பொருள் தரும் அந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளோடு இவருக்கு என்ன பகை? அதை எனக்குச் சொன்னவர் வேதநாயகம். தந்தி பட்டுவாடா செய்கிறவர். காக்கிச் சட்டை, சிவப்புச் சைக்கிள், தோல் பை. சாந்தோம்காரர்.

ஹபீபுர் ரஹ்மான் முன்பு பெரியமேட்டில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கேபிள் குமாஸ்தா, அதாவது கடல்கடந்து போகும் தந்திகளை எழுதுகிறவர். லண்டன் சந்தையில் ஆட்டுத்தோல் விலை காலையில் ஏறினால் அன்று இரவுக்குள் பெரியமேட்டுக்குத் தெரிந்துவிடும்; மறுநாள் வாணியம்பாடியில் பதனிடுகிற தொட்டிக்காரனுக்கும் தெரிந்துவிடும். கப்பலில் கடிதம் வந்து விலை தெரிந்த காலத்தில் வருஷத்துக்கு இத்தனை கட்டுத் தோல் என்றிருந்த வியாபாரம், கடலடிக் கம்பி வந்தபின் மணிக்கணக்கில் ஓடியது. கம்பியில் போகும் வார்த்தை தங்க விலை. ஆகவே கம்பெனிகள் சங்கேதப் புத்தகம் வைத்திருந்தன. ‘ஐந்நூறு டஜன் இரண்டாம் தரம் இந்த மாதக் கப்பலில் ஏற்றுகிறோம், விலையைத் தந்தியில் உறுதி செய்யவும்’ என்பதெல்லாம் அதில் ஒரே ஒரு வார்த்தை. அந்தப் புத்தகம் முழுவதும் ஹபீபுர் ரஹ்மானுக்கு மனப்பாடம். புத்தகத்தில் இல்லாததையும் நாலு வார்த்தைக்குள் நெரித்து அடைத்துவிடுவார். வெள்ளைக்கார மானேஜர் அவரை மற்றக் குமாஸ்தாக்களுக்கு முன்னால் நிறுத்தி மெச்சியதுண்டு.

வீட்டிலும் அதே விளையாட்டுத்தான். மனைவி இறந்தபின் மகள் அஃப்சருன்னிசாவை அவரே வளர்த்தார். மாலையில் அவர் நீளமாக ஒரு வாக்கியம் சொல்வார், மகள் அதைத் தந்தியாக்க வேண்டும். கறிக்காரன் இன்று வரவில்லை, அதனால் பருப்புதான், அதிலும் உப்பு அதிகம் என்றால், ‘கறியில்லை பருப்பு கரிக்கிறது’ என்பாள். இதை அவரே ஒரு முறை என்னிடம் சொன்னார். “ஏழு வயசுல என்னை ஜெயிச்சிடுவா, சார்.” சொல்லும்போது ஊதா உதடு சிரித்தது.

பெண்ணைப் பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஷரஃபுதீனுக்குக் கட்டிக்கொடுத்தார். 1941 டிசம்பர் முதல் வாரம் மாப்பிள்ளையிடமிருந்து கேபிள் வந்தது. சண்டை வரும்போல் இருக்கிறது, கப்பலில் இடம் கிடைக்கிறது, புறப்படலாமா என்று. குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. எந்தக் கப்பல், நாகப்பட்டினத்தில் இறங்குவதா பட்டணத்தில் இறங்குவதா, கடையை யாரிடம் விடுவது, சொல்ல எத்தனையோ இருந்தது. கேபிளில் அடங்காது. ஹபீபுர் ரஹ்மான் தொழில்காரருக்குரிய அழகோடு மூன்று வார்த்தையில் பதில் கொடுத்தார். வெயிட். லெட்டர் ஃபாலோஸ். பொறு, விவரம் கடிதத்தில். அன்று மாலையே உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதித் தபாலில் சேர்த்தார். கடிதம் சேரும்வரை பொறுத்தால் போதும் என்று நினைத்திருந்தார்; ஏழு பக்கத்தின் சாரமோ, எதையும் யோசிக்காமல் கிடைத்த கப்பலில் ஏறி வந்துவிடுங்கள் என்பதுதான்.

தந்தி அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது. கடிதம் போவதற்குள் பினாங்கில் குண்டு விழுந்தது. நாலு மாதம் கழித்து, சேவை நிறுத்தப்பட்டுள்ளது என்ற ரப்பர் முத்திரையோடு அது கச்சேரி ரோட்டுச் சந்திலுள்ள அவர் வீட்டுக்கே திரும்பி வந்தது.

“நான்தான் கொண்டாந்து குடுத்தேன். அன்னிக்குத் தபால்காரன் லீவு,” என்றார் வேதநாயகம். “வாங்கி, ஒட்டினது ஒட்டினபடியே கோட்டுப் பையில வெச்சிக்கினாரு. இன்னும் பிரிக்கலை. பிரிக்க இன்னா கீது, எழுதினவரே அவருதானே.”

அந்த ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. கம்பெனி ஆம்பூருக்குப் போயிற்று. ஹபீபுர் ரஹ்மான் போகவில்லை. தந்தி வந்தால் கச்சேரி ரோட்டு விலாசத்துக்குத்தானே வரும் என்றார். ஆழ்வார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் தெருத் தெருவாகப் பூட்டிக்கிடந்தபோது, அந்தச் சந்தில் ஒரே ஒரு வீட்டில் அடுப்பு புகைந்தது. தெருநாய்கள் எல்லாம் அவர் வாசலில் வந்து படுத்துக்கொண்டனவாம். ஊர் திரும்பி வந்தபோது அவர் தபாலாபீஸ் வாசலில் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் காத்திருப்பதைவிட இங்கே காத்திருந்தால் அரை மணி முன்னதாகவே தெரியுமே என்று காரணம் சொன்னார்.

சண்டை முடிந்து கம்பி திறந்தபிறகு பினாங்குக்கு மூன்று தந்தி கொடுத்தார், பதிலுக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டி. மூன்றும் நீளமானவை. பதில் இல்லை. தினமும் ஐந்து மணிக்கு வேதநாயகம் சுற்று முடிந்து வரும்போது பெட்டியிலிருந்து ஒரு முகம் நிமிரும். இவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். “இன்னிக்கி வெயில் ஜாஸ்தியா?” என்று ஹபீபுர் ரஹ்மான் கேட்பார். ஜாஸ்தி என்பார் இவர். மழை நாளிலும் இதே கேள்விதான்.

போன வியாழக்கிழமை பிற்பகல் நான் மரத்தடியில் இருந்தேன். கெங்கம்மா வந்தாள். பக்கிரி வந்துவிட்டானாம். தந்தியை மடியில் வைத்துக்கொண்டு ரயில் முழுவதும் தூங்கிக்கொண்டே வந்தானாம். அதற்காக இலையில் சுற்றி நாலு சங்கரா மீன். “உன் கதாகாலட்சேபத்துக்குத்தான் பாய்,” என்று பெட்டி ஓரம் வைத்தாள்.

மூன்று மணிகூட ஆகவில்லை. வேதநாயகம் கட்டடத்துக்குள்ளிருந்து வந்தார். சைக்கிளில் ஏறவில்லை. பத்தடி தூரத்தை நடந்தே வந்து, உறையை நீட்டினார். ரசீதில் கையெழுத்து வேண்டும் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஹபீபுர் ரஹ்மானே பென்சிலை நனைத்துக் கையெழுத்துப் போட்டு, நேரமும் குறித்துக் கொடுத்தார். உறையைப் பிரித்தார். விலாசத்தை விட்டுவிட்டு மிச்சத்தை நகத்தால் எண்ணினார்.

“நாலு,” என்றார்.

படிக்கவில்லை. தாளைப் பலகைமேல் வைத்து உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கெங்கம்மா அவர் முகத்தையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். வேதநாயகம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் கை விலகியது.

“இன்னா பாய், இன்னா போட்டுகீது?”

அவர் தமிழில் சொன்னார். “நலம். விவரம் கடிதத்தில். அஃப்சர்.”

கெங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொண்ணு பொழைச்சிக்கினாளே, அப்புறம் இன்னா என்று அவர் தோளைத் தொட்டு உலுக்கினாள். அவர் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை பேரு இல்ல, தங்கச்சி. கொழந்தை பேரும் இல்ல.”

“காசு மிச்சம் புடிச்சிருப்பா. உன் பொண்ணுதானே?”

பதில் தந்தி கொடுக்கலாமே, இப்போதே கேட்டுவிடலாமே என்றேன். ஒரு புதுத் தாளை எடுத்தார். பினாங்கு விலாசத்தை எழுதினார். அதன்கீழ் உள்ள கட்டங்களுக்கு வந்ததும் பென்சில் நின்றது. நுனி காய்ந்துபோகும்வரை நின்றது. “கடுதாசின்னு சொல்லிகீறா. வரட்டும்,” என்று தாளைப் பலகைக்கடியில் செருகினார்.

கடல்வழித் தபால் பினாங்கிலிருந்து வர, கப்பல் உடனே கிடைத்தாலும் பத்து நாளுக்குக் குறையாது. கேபிள் குமாஸ்தாவாக இருந்தவருக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவர் எழுந்து குடையை மரத்திலிருந்து அவிழ்த்தார். மீன் பொட்டலத்தை வேதநாயகத்தின் கையில் கொடுத்தார். கள்ளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் போய், தபால் மூட்டை வந்து இறங்கும் பக்கவாசலுக்கு எதிரே, நிழலில்லாத இடத்தில் அதைக் கவிழ்த்து வைத்தார். கையாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.