மலையில் மாட்டிவிட்டு வந்த பை

நாலு வருடங்களுக்கு முன், சமாதான காலத்தில், ஒரு சனிக்கிழமை நடந்தது இது. குருக்கள்மடத்துத் துறையில் படகேறி வாவியைக் கடந்து, மேற்கே படுவான்கரை ஊர்களுக்கும் அப்பால் காட்டோரம் இருக்கும் ஒரு மலையில் ஏறப் போனோம். ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் ஐந்து பேர். சிறு வயதிலிருந்தே இக்கரையில் நின்று நீலக் கோடாக மட்டும் பார்த்த மலை அது. போக்குவரத்து திறந்ததும், மறுபடி மூடுவதற்குள் ஒரு தரமாவது ஏறிவிட வேண்டும் என்று கணக்கு டீச்சர்தான் எல்லோரையும் கிளப்பினாள்.

நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். மகனுக்கு அப்போது எட்டு மாதம். போத்தலை வாயில் வைத்தால் துப்பிவிடுவான். அவனை விட்டு ஒரு பகல் முழுக்க நான் இருந்ததே இல்லை. கணவர்தான் விடவில்லை. "போயிட்டு வா புள்ள. நான் என்ன, அவனக் கடிச்சா தின்னப்போறன்?" என்றார். கஞ்சி எப்படிக் கரைப்பது, துணி எங்கே இருக்கிறது, உடம்பு சுட்டால் எந்த மருந்து என்று ஒரு தாளில் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. வாசலைத் தாண்டியவள் திரும்பிப் போய் இன்னும் ஒரு வரி எழுதிவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் கதவோரத்து ஆணியில் ஒரு பை தொங்கும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், பாங்குப் புத்தகம் எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். ஓட வேண்டி வந்தால் கை நேரே அந்த ஆணிக்குத்தான் போகும். சமாதானம் வந்த பிறகும் எங்கள் வீட்டுப் பையை நான் இறக்கவில்லை. அன்றைக்கும் போகிற போக்கில் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். துறையில் ஆமிக்காரர் சோதித்து முடிந்ததும் மற்ற நால்வரின் அட்டைகளையும் நானே கேட்டு வாங்கி அதற்குள் வைத்தேன். நனைந்துவிடும், எங்காவது விழுந்துவிடும் என்று எனக்குத்தான் பயம். தையல் டீச்சர் நல்ல பருமனான ஆள். விட்டால் தன்னையும் பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன் என்று படகில் எல்லோரையும் சிரிக்கவைத்தாள்.

அக்கரையில் லான்ட்மாஸ்டர் என்கிற சிறிய உழவு இயந்திரத்தின் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி மலையடிக் குளக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓட்டிவந்தவர் ஒன்றை மட்டும் மூன்று தரம் சொன்னார்: மாடு நடந்த தடத்தை விட்டு ஒரு அடியும் விலகக் கூடாது, எங்கே என்ன வெடி புதைத்திருக்கிறதோ யாருக்கும் தெரியாது. அதனால் முன்னால் போகிறவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, வரிசையாக ஏறினோம்.

பாதி மலை வரை பரவாயில்லை. அதற்கு மேல் மலையின் முதுகு ஒடுங்கி, இரண்டு பக்கமும் சரிந்து போனது. கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கால் வழுக்கினால் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது என்ற ஒரே நினைப்பு. நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. தையல் டீச்சர் தன் துப்பட்டாவைக் கழற்றி ஒரு முனையை என் கையில் தந்தாள். "கீழ பாக்காதகா. என்ட முதுகப் பாரு. அதத் தாண்டி உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். அந்த முதுகையே பார்த்துக்கொண்டு ஏறி முடித்தேன்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கிழக்கே வாவி கிடந்தது, அதற்கு அப்பால் ஒரு நூலளவு ஊர், பிறகு கடல். இவ்வளவு காலமும் நாங்கள் பயந்து பயந்து வாழ்ந்த இடம் அந்த நூலளவுதானா என்று இருந்தது. சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்து, ஒருத்தியின் மீன்பொரியலை மற்றவள் பறித்துத் தின்றோம். பிள்ளையின் அழுகைக்குக் காது கொடுக்காமல் நான் சிரித்தது எட்டு மாதத்தில் அன்றுதான்.

இறங்கும்போது மறுபக்கத்து மாட்டுத் தடத்தால் வந்தோம். அது சாய்வு குறைந்த வழி. குளக்கட்டுக்கு வந்து முகம் கழுவக் குனிந்தபோதுதான் தோள் வெறுமையாக இருப்பது தெரிந்தது.

எங்கே வைத்தேன் என்பது உடனே நினைவு வந்தது. துப்பட்டாவைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பட்ட மரம், அதில் ஆணி போல ஒரு முறிந்த கிளை. வீட்டில் மாட்டுவது போலவே என் கை பையை அதில் மாட்டியிருக்கிறது. அப்புறம்தான் அடுத்தது உறைத்தது. அதற்குள் எங்கள் ஐந்து பேருடைய அட்டைகள் மட்டுமல்ல, கணவருடையதும் இருந்தது. மகனுக்கு இந்த நேரம் காய்ச்சல் வந்தால், சோதனைச் சாவடி தாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக அவரிடம் அட்டை இல்லை. மருந்தெல்லாம் எழுதி வைத்தவள் அதை மறந்திருக்கிறேன்.

பையைக் கிளையில் மாட்டிவிட்டு வந்ததைச் சொன்னேன். ஓட்டிவந்தவர் வெயிலைப் பார்த்துவிட்டு, கடைசிப் படகு தப்பினாலும் தப்பிவிடும் என்றார். நான் மலையைப் பார்த்து நடந்தேன். திட்டுவார்கள், திட்டட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், நாலு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, என் அடியில் அடி வைத்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"உன்னத் தனிய விட்டா உன்னையும் ஒரு கொப்புல மாட்டிட்டு வந்துருவாய்" என்றாள் தையல் டீச்சர், மூச்சு வாங்கியபடி.

காலையில் நான் உட்கார்ந்துவிட்ட இடத்துக்கு அந்தத் தரம் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். பயப்பட நேரம் இருக்கவில்லை. பை அதே கிளையில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன். பால் கட்டி வலித்ததும் அப்போதுதான் தெரிந்தது. கணக்கு டீச்சர் என்னைத் தட்டிக்கொடுத்து, அழுவதைப் படகில் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

நாங்கள் துறைக்கு ஓடி வரும்போது கடைசிப் படகின் இயந்திரத்தை இயக்கிவிட்டார்கள். எங்களைக் கண்டு நிறுத்தினார்கள். இக்கரையில் காவலரண் வேலிக்கு அங்கால், அட்டை இல்லாததால் கிட்ட வர முடியாமல், கணவர் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். ஆணியில் பை இல்லை என்பது அவருக்கு மத்தியானமே தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் சொல்லாமல் நாள் முழுக்கப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். மகனோ கஞ்சி குடித்துவிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறான்.

சோதனை முடிந்து அட்டைகள் அவரவர் கைக்கு வந்தன. இனி என்னிடம் யார் தருவார்கள் என்று பையின் வாயை மூடப் போனேன். தையல் டீச்சர் என் கையை விலக்கி, தன் அட்டையைத் திரும்பவும் அதற்குள் போட்டாள்.

"மெயின் ரோட்டுல இன்னொரு செக்கிங் இரிக்கி. அதுவரைக்கும் நீயே வெச்சிரு" என்றாள். மற்ற மூன்று பேரும் பேச்சை நிறுத்தாமல் ஒவ்வொன்றாகப் போட்டார்கள்.

மறுபடி சண்டை தொடங்கி, இப்போது அந்தப் பக்கம் போக முடியாது. எங்கள் வீட்டுக் கதவோரத்து ஆணியில் பை இன்னும் தொங்குகிறது. மகனுக்கு நாலு வயதுக்கு மேலாகிவிட்டது. அவன் குவளையைத் தவறவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், திட்டுவதற்கு வாய் வரை வரும். அப்போது அந்த நாலு அட்டைகள் நினைவுக்கு வரும், அதே குவளையை நிரப்பி அவன் கையிலேயே திரும்பக் கொடுத்துவிடுகிறேன்.