கோழி அடைகாத்த ஃபிரிட்ஜ் பெட்டி

பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்து செல்வம்மாள் ஏரியில் இறங்கினால் பேசமாட்டாள். பேச முடியாது. கையால் தடவிப் பிடிக்கிற இறாலைப் போடுவதற்கான ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பாள். பாக்கிப் பேச்சையெல்லாம் கரையேறியதும் தீர்த்துக்கொள்வாள். அதைக் கேட்டுக் கேட்டே அவள் புருஷன் எல்லப்பன் சாதுவாகிப் போனான்.

போன கோடையில் இருவரும் பொன்னேரிக்குப் போய் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். இரட்டைக் கதவு, ஆளுயரத்துக்கு மேல். பழவேற்காடு வரை குட்டி யானை வண்டியில் வந்தது; அங்கிருந்து படகு. ஏரி நடுவில் காற்று கிளம்பியது. நிமிர்ந்து நின்ற அட்டைப் பெட்டி பாய் விரித்தாற்போல் காற்றை வாங்க, படகு ஊரை விட்டுவிட்டு ஆந்திராப் பக்கம் திரும்பியது.

"பெட்டிய உருவுயா. இல்லாங்காட்டி தடாவுலதான் குடும்பம் நடத்தணும்" என்றாள் செல்வம்மாள். எல்லப்பன் உருவினான்.

கரையில் அட்டையை ஒருத்தர், தெர்மாகோலை ஒருத்தர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஃபிரிட்ஜ் வாசலுக்குள் நுழையவில்லை. நேராகத் தள்ளினார்கள், சாய்த்துத் தள்ளினார்கள். எல்லப்பன் வீட்டுக் கதவையே கழற்றிப் பார்த்தான்.

"வாசல அளக்கலியாயா?"

"நீ அளந்திருப்பேன்னு நெனச்சேன்."

மறுநாள் செல்வம்மாள் பொன்னேரிக் கடையில் போய் நின்றாள். மேனேஜர் ஞானதாஸ் பொறுமையான மனிதர்.

"திருப்பி எடுத்துக்கலாம்மா. ஆனா பெட்டி பிரிச்சிட்டீங்க. வெலையில பத்துல ஒரு பங்கு புடிச்சிக்கினு மிச்சந்தான் தருவோம்."

"இன்னாத்துக்கு? பிளக்குகூட சொருவல."

"நாங்க திரும்ப செக் பண்ணி, பேக் பண்ணி, ஸ்டாக்குல வைக்கணும்ல? அந்த செலவு. பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு."

"அப்ப யாருகிட்டதான் புடிக்க மாட்டீங்க?"

ஞானதாஸ் விளக்கினார். பெட்டி பிரிக்காமல் வந்தால் பிடித்தம் கிடையாது. பொருளில் பழுது இருந்தாலும் கிடையாது. பிரித்துவிட்டாலும், கூட வந்ததெல்லாம் முழுசாகக் கொண்டுவந்து ஒரு வாரத்துக்குள் வேறு மாடல் மாற்றிக்கொண்டால் கிடையாது.

"இத வாங்குறப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க பேச விடலியேம்மா."

அன்றைக்கே ஊரில் வேட்டை தொடங்கியது. தெர்மாகோல், சிவகுமாரின் வலையில் மிதப்பாக ஏரியில் ஆடிக்கொண்டிருந்தது. படகில் போய் அதை அவிழ்த்துக்கொண்டு, பதிலுக்குக் காலி கேன் கட்டிவிட்டு வந்தாள். விளக்கப் புத்தகத்தை மணியம்மாள் வீட்டு ஆட்டின் வாயிலிருந்து சரியான நேரத்தில் மீட்டாள். அட்டைப் பெட்டிதான் வம்பானது. ஆரோக்கியமேரி அதைப் படுக்கப் போட்டு, தன் கோழியை அடைக்கு வைத்திருந்தாள்.

"குஞ்சு பொரிக்கட்டும் செல்வம், அப்பறம் எடுத்துக்கோ."

"அதுக்குள்ள வாரம் முடிஞ்சிடும்கா."

பெட்டிக்குள் நீண்ட கையைக் கோழி கொத்தியது. இன்னொரு கையையும் கொத்தியது. வேறு வழியில்லாமல் பெட்டியைக் கோழியோடே ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டுபோவதென்று முடிவானது. காவலுக்கு ஆரோக்கியமேரியும் புறப்பட்டாள். படகு, குட்டி யானை, திருப்பாலைவனம் ரோட்டு மேடுபள்ளம் எல்லாவற்றுக்கும் கோழி அசைந்துகொடுக்கவில்லை.

கடையில் ஞானதாஸ் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். கோழியும் அவரைப் பார்த்தது.

"அம்மா, இது..."

"வந்ததெல்லாம் இருக்கணும்னுதான சொன்னீங்க? கூட ஒண்ணு இருக்கக்கூடாதுன்னு சொல்லலியே."

ஞானதாஸ் பில்லைத் திருப்பி நிதானமாகப் படித்தார். கோழியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு காலி மிக்ஸி பெட்டி ஒன்றைக் கொடுக்க, ஆரோக்கியமேரி முட்டைகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினாள். கோழி பின்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது. இரட்டைக் கதவுக்குப் பதில் வாசலுக்குள் நுழையக்கூடிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் கைமாறியது. பிடித்தம் எதுவுமில்லை.

இப்போது ஊரில் யார் எது வாங்கப் போனாலும் செல்வம்மாளைக் கூட்டிப்போகிறார்கள். பில் போடும் முன்பே அவள் கேட்டுவிடுவாள்: "திருப்பிக் குடுத்தா எவ்ளோ புடிப்பீங்க? பெட்டி பிரிச்சா? மாத்திக்கினா? எத்தினி நாளுக்குள்ள? எல்லாத்தையும் பில்லுல எழுதுங்க." போன மாதம் மணியம்மாள் ஒரு விளக்குமாறு வாங்கினபோதும் கூடப்போய் இதையே கேட்டாள். கடைக்காரர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். அப்புறம் விளக்குமாற்றைச் சும்மாவே கொடுத்து அனுப்பிவிட்டார்.