ஆளுக்கு ஐம்பது மாடு

பாரிசின் லாசப்பலில் யாராவது பிள்ளைக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினால், சைவக்காரர் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஐயரிடம் போவார்கள், வேதக்காரர் பங்குச்சுவாமியிடம் போவார்கள். இரண்டு பகுதியும் கடைசியில் வந்து நிற்பது பியட்றிஸ் வேலை செய்யும் சீலைக்கடையில்தான். வாங்குகிறவர்கள்போல நாலைந்து சீலையை விரித்துப் போட்டுவிட்டு, "அக்கா, ஒரு இடம் விசாரிக்க வேணும்" என்று மெல்ல இழுப்பார்கள். விரித்ததை மடித்து வைப்பதும் அவள்தான், விசாரிப்பதும் அவள்தான். விசாரிப்பதற்குச் சம்பளம் கிடையாது. மடிப்பதற்குக் கிடைப்பதைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை இலண்டனோ, ஒஸ்லோவோ, ஸ்காபரோவோ, அங்கே அவளுக்குத் தெரிந்த ஒருவரோ, அந்த ஒருவருக்குத் தெரிந்த இன்னொருவரோ இருப்பார். ஆனால் மாப்பிள்ளையைப் பிடித்தவர்களிடம் அவள் கேட்க மாட்டாள். அவரோடு முகம் கொடுத்துக் கதைக்காத ஆளாகத் தேடிப் பிடிப்பாள்.

"கோவக்காரர் பொய் சொல்லாயினம். கூட்டித்தான் சொல்லுவினம். கூட்டினதைக் கழிச்சால் மிச்சம் உண்மை" என்பாள்.

சுவிசில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி அவருடைய அயலவர், "அவன் மனிசனே இல்லை, அழிவுகாரன், கண்ணில முழிக்கேலாது" என்று முழங்கினார். பியட்றிஸ் கழித்துப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குக் காரைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது என்பது மட்டும் மிஞ்சியது. கலியாணம் நடந்தது. இப்போது காரை மனைவி ஓட்டுகிறாள். எல்லோரும் சுகம்.

இப்படி ஊரார் பிள்ளைகளையெல்லாம் கரையேற்றியவளுக்குத் தன் மகளின் காரியம் வந்தபோதுதான் கை காலெல்லாம் சோர்ந்தது. கால் ஏற்கெனவே சோர்ந்துதான் இருந்தது. நாள் முழுக்க நின்று, பிறகு ஆர்.ஈ.ஆர் ரெயினில் சார்செல்வரை நின்று, லிப்ட் பழுதான நாளில் ஒன்பதாம் மாடிக்கு ஏறி வீட்டுக்குள் நுழையும்போது அது கால் என்று சொல்லக்கூடிய நிலையில் இராது. புருசன் செபஸ்தியாம்பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு, இரவுச் சாப்பாடு முடிய அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்து எண்ணெய் பூசிவிடுவது மகள் தர்மிளாதான். பகலெல்லாம் பொபினி ஆசுபத்திரியில் ஊரார் காலைப் பிடித்துவிட்டு வருகிற தாதிப் பிள்ளை, வீட்டிலும் அதையே செய்தாள். முணுமுணுத்துக்கொண்டு செய்வாள், ஆனால் செய்வாள்.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தது பக்கத்துப் பூக்கடைப் பேர்ளி.

"அக்கா, பெடியன் சாந்தன். எங்கட வேதம். அமெரிக்காவில கினேயா இருக்கிறார். எலும்பு முறிஞ்ச கிழடுகளை நடக்கப் பழக்கிற வேலை. தாய் தேப்பன் இல்லை. தர்மிளாவும் அவரும் நத்தார்ப் பெருநாளில இருந்து போனில கதைக்கினமாம். உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்" என்றாள் பியட்றிஸ். தெரியாது.

"நல்ல இடமக்கா."

"இடம் எங்கை?"

"நெப்ராஸ்கா. கார்வின் கவுண்டி."

"அங்கை ஆர் இருக்கினம் எங்கட ஆக்கள்?"

பேர்ளி கையிலிருந்த மாலையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "ஒரு தமிழன் இருக்கிறார். அவர்தான் மாப்பிள்ளை."

அன்றிரவு தர்மிளா போனில் வரைபடத்தைத் திறந்து தாயின் மூக்குக்கு முன்னால் பிடித்தாள்.

"இதில ஊர் எங்கை?"

"இதுதான் மமோ."

"இது வெறும் பச்சையெல்லோ."

"அதுதான் ஊர்."

விரலால் பெருப்பித்துக் காட்டினாள். பச்சையும் உண்மையில் பச்சையில்லை. அடியில் முழுக்க மணல், மேலே புல். மணல் மேடு மேடாக, அலை எழும்பி அப்படியே நின்றுவிட்ட கடல்போல, கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. மேடுகளுக்கு இடையில் சின்னச் சின்னக் குளங்கள். ஒரு நேர் ரோட்டு. ரோட்டில் ஒரு சிறு பட்டணம். அதில் ஓர் ஆசுபத்திரி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாதா கோயில், மாட்டுத் தீவனம் விற்கிற கடை. பெரிய கடைக்குப் போவதென்றால் ஒன்றரை மணித்தியாலம் காரோட வேண்டும். வழியில் திரும்புவதற்கு ஒரு வளைவுகூடக் கிடையாது.

நிலம் கிட்டத்தட்ட மன்னார் மாவட்டமளவு. சனம் ஆயிரத்து எண்ணூறு. காலையில் பியட்றிஸ் வருகிற ஒரு ரெயினுக்குள் அந்தக் கவுண்டி முழுவதையும் ஏற்றிவிடலாம். ஏற்றினாலும் அவளுக்கு இருக்க இடம் கிடைக்காது. அந்தச் சனத்திலும் பாதி கிழடு. படித்த பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் ஆள் குறைகிறது, மாடு மட்டும் குறைவதில்லை.

"ஆளுக்கு ஐம்பது மாடாம்" என்றாள் தர்மிளா.

"அப்ப உனக்கும் ஐம்பது தருவினமோ?"

தர்மிளா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திப் பிரெஞ்சில் சொன்னாள். தனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, ஆனால் அம்மா விசாரித்து வேண்டாமென்றால் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டினாள். பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம்.

பியட்றிஸ் எண்ணெய் பூசின காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் விசாரிக்கப்போவது ஒரு குற்றம் கண்டுபிடிக்கத்தான். யாரிடமும் சொல்லவில்லை. குடி, சூது, இன்னொரு குடும்பம், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பச்சைக்குள் மகளை அனுப்பிவிட்டு ஒன்பதாம் மாடியில் தனியே இருந்து தன் காலுக்குத் தானே எண்ணெய் பூசும் தெம்பு அவளுக்கு இல்லை.

அடுத்த நாளே தொடங்கினாள். நியூஜேர்சியில் இருந்தவர் நெப்ராஸ்கா என்றதும் அது அலாஸ்காவுக்குப் பக்கமோ என்று கேட்டார். ஸ்காபரோவில் இருந்தவள், "அங்கையும் சனம் இருக்கோ அக்கா?" என்றாள். ரெக்சாசில் ஒருவர், தனக்கு அங்கே ஆளிருக்கு, ஒன்பது மணித்தியாலம்தான் தூரம் என்றார். ஒருவருக்கும் சாந்தனைத் தெரியாது. தெரியாதவனோடு எப்படிக் கோபமாக இருப்பது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் பேர்ளிதான் போனில் தேடி அந்த ஊர் மாதா கோயிலின் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். கடையில் ஆளில்லாத நேரம். அங்கே காலை. பியட்றிஸ் பின்னறைக்குப் போய்ச் சீலைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள். அவளிடம் இருந்தது றுவாசி விமான நிலையத்தடி ஹோட்டலில் அறை துப்புரவாக்கிய காலத்து இங்கிலீசு. தொடங்க அது காணும். காரணமும் ஆயத்தமாக இருந்தது. நேரே போய் மாப்பிள்ளையைக் கேட்கக் கூடாது. வேறு அலுவலாக எடுத்ததுபோல எடுத்து, போகிற போக்கில் கேட்க வேண்டும்.

போனை எடுத்தவள் கோயில் ஒபிசில் வேலை செய்கிற அம்மா. பெயர் சார்லட் என்றாள். பியட்றிஸ் அதைப் பிரெஞ்சு வழக்கப்படி ஷார்லோத் ஆக்கிக்கொண்டாள். அவள் அவசரமில்லாமல், மாடு அசைபோடுவதுபோலக் கதைத்தாள். பாதி விளங்கியது. விளங்காத பாதியைப் பியட்றிஸ் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டாள். காதுக்குள் வந்து சேரும்போது ஷார்லோத் நல்ல தமிழே கதைத்தாள்.

"பூசை ஒண்டு குடுக்க வேணும். என்ர மனுசன்ர ஆத்துமாவுக்கு. மோசம் போனவர்."

"பேரைச் சொல்லுங்கோ."

செபஸ்தியாம்பிள்ளையை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிக்க, அந்தப் பக்கம் பேனை மாற்ற வேண்டி வந்தது.

"எங்கையிருந்து எடுக்கிறீங்கள்?"

"பாரிஸ்."

அங்கே கதிரையொன்று கிறீச்சிட்டது.

"நீங்கள் தர்மிளான்ர தாயெல்லோ?"

இத்தனை வருச விசாரிப்பில் முதல் கேள்வி கேட்க முன்னரே அவள் பிடிபட்டது இதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இஞ்சை எல்லாருக்கும் தெரியும். தீவனக்கடையிலயும் இதுதான் கதை. பூசை உண்மையோ, இல்லாட்டி விசாரிக்க எடுத்தனீங்களோ?"

"ரெண்டும்" என்றாள் பியட்றிஸ்.

"அப்ப கேளுங்கோ. எனக்கு அவனோட கோவம்."

பியட்றிஸ் ஒரு பெட்டியின்மேல் மெல்ல இருந்தாள். அன்று முழுக்க அப்போதுதான் முதல் தடவை இருக்கிறாள். தேடின ஆள் கிடைத்துவிட்டது.

ஷார்லோத் கொட்டினாள். அவளுடைய புருசன் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தபோது, நடக்கப் பழக்க வந்தவன் இந்தச் சாந்தன். வந்தான், பழக்கினான், போகும்போது மாட்டுப் பட்டிக் கேற்றைப் பூட்டாமல் போனான். "அம்மா, இந்த ஊரில களவெடுக்கலாம், குடிக்கலாம், கோயிலுக்கு வராமலும் இருக்கலாம். கேற்றைத் திறந்துபோட்டுப் போகேலாது. எங்கட மாடு அவ்வளவும் ரோட்டில. பனி வேறை. அவன் ஒரு மூளையில்லாதவன். கண் இருந்தும் குருடன். அவனை நான் சாகும்வரைக்கும் மன்னிக்க மாட்டன்."

"பிறகு?"

"பிறகென்ன, கேள்விப்பட்டு ஓடிவந்தான். பட்டணத்துச் சப்பாத்தோட. பனிக்குள்ளால போய் மாட்டை உங்கட பாசையில கூப்பிட்டிருக்கிறான்."

"என்னெண்டு?"

"வா, வா எண்டு."

"வந்ததோ?"

"ரெண்டு வந்தது" என்றாள் ஷார்லோத். கோபத்தோடுதான் சொன்னாள். "மிச்சத்தை என்ர மனுசன் ஊன்றுகோலோட போய்ப் பிடிச்சவர். அண்டைக்குத்தான் அவர் முதன்முதல் வாசல் தாண்டினது. இப்ப சனிக்குச் சனி வந்து வேலி திருத்துறன் எண்டு என்ர வேலியைக் கெடுக்கிறான். மற்ற நாளில இஞ்சை ஒபிசில வந்து சும்மா கதிரையில இருப்பான். கதைக்க ஆளில்லை, பாவி."

பியட்றிஸ் பழக்கத்தில் கழித்துப் பார்த்தாள். எப்படிக் கழித்தாலும் ஒரு பூட்டாத கேற்றும் நனைந்த சப்பாத்தும்தான் மிஞ்சின. வேண்டாம் என்று சொல்ல அவை காணாது. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

"இப்ப என்ர முறை" என்றாள் ஷார்லோத். குரல் இறங்கியிருந்தது. "உங்கட மகள் இஞ்சை இருப்பாவோ? உண்மையைச் சொல்லுங்கோ. வாறவையெல்லாம் ரெண்டு குளிர்காலம் பாத்திட்டு ஓடியினம். போன டொக்டர் நல்லவர். மனுசிக்கு அமைதி ஒத்துவரேல்லை, அழுதழுது கூட்டிக்கொண்டு போட்டா. இவனும் போனால் எங்கட கிழடுகள் எல்லாம் கதிரையோடதான். அவ இருக்கமாட்டா எண்டால் இப்பவே சொல்லுங்கோ. அவனுக்கு நான் பதமாச் சொல்லி நிப்பாட்டுவன்."

பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீதி இரைந்தது. மரக்கறி இறக்குகிற வான்காரன் ஹோர்னை விடாமல் அமத்தினான். யாரோ யாரையோ "எடேய்" என்றான்.

ஒரு வசனம் போதும் என்று பியட்றிசுக்குத் தெரிந்தது. *அவ பட்டணத்துப் பிள்ளை, சத்தமில்லாத இடத்தில நித்திரை கொள்ளமாட்டா.* அது முழுப் பொய்கூட இல்லை. கொஞ்சம் கூட்டினது, அவ்வளவுதான். அந்த மனுசி நம்புவாள். மகளிடம், அங்கே அவர்களுக்கே விருப்பமில்லையாம் என்று சொல்லிவிடலாம். எண்ணெய்ப் போத்தல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆனால் கூட்டினதைக் கழிக்க அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஷார்லோத்துக்குக் கழிக்கத் தெரியாது. மாடு எண்ணத் தெரிந்த சனம், சொன்னதைச் சொன்னபடியே எடுக்கும்.

"கேக்குதோ?" என்றாள் ஷார்லோத்.

"கேக்குது" என்றாள் பியட்றிஸ். இங்கிலீசு தீர்ந்துபோயிருந்தது. ஹோட்டலில் பழகிய சொற்களில் கதவும் பூட்டும்தான் மிஞ்சியிருந்தன. "என்ர மகள் கதவு பூட்டுவா. பூட்டிப்போட்டு ரெண்டு தரம் இழுத்துப் பாப்பா. ஒவ்வொரு நாளும். இருபத்தொன்பது வயது. ஒரு நாளும் மறந்ததில்லை."

அங்கே கதிரை மறுபடி கிறீச்சிட்டது.

"ரெண்டு தரமோ?"

"ரெண்டு தரம்."

"அது காணும்" என்றாள் ஷார்லோத். பிறகு மூக்கைச் சீறிவிட்டு, பூசை வாற ஞாயிறு வைக்கலாம், ஆனால் அந்தப் பேரைச் சுவாமியார் எப்படி வாசிக்கப் போகிறாரோ என்று சொன்னாள். காசு வேண்டாமென்றும் சொன்னாள்.

அன்றைய ரெயினிலும் இருக்க இடமில்லை. ஒரு கவுண்டிச் சனம் முழுக்க நெருக்கிக்கொண்டு நின்றது. ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. பியட்றிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் மனுசனின் பேர் மாட்டுக்காரர் நடுவில் தத்தித் தத்தி வாசிக்கப்படுவதை நினைத்தாள். அவருக்கு விசாவும் தேவையில்லை, ரிக்கெற்றும் தேவையில்லை. முந்திக்கொண்டார்.

லிப்ட் வேலை செய்தது. தர்மிளா வந்து கதவைத் திறந்தாள். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

"என்னவாம் மமோ?"

பியட்றிஸ் சோபாவில் இருந்து சப்பாத்தைக் கழற்றினாள். ஒன்று கழன்றது, மற்றது வரவில்லை.

"கேற்றைப் பூட்டாத பெடியன்."

"வேறை?"

"வேறையொண்டும் கிடைக்கேல்லை. நான் தேடினனான்." கண்ணை மூடிக்கொண்டாள். "ஞாயிறுவரைக்கும் என்னத்துக்கு? இண்டைக்கே ஓமெண்டு சொல்லு. நல்ல சப்பாத்து வாங்கச் சொல்லு. பனிக்குப் போடுறது. உனக்கும் வாங்கு."

தர்மிளா நிலத்தில் குந்தி, கழலாமல் நின்ற மற்றச் சப்பாத்தை மெல்ல இழுத்துக் கழற்றினாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள்.

பியட்றிஸ் கண் திறக்கவில்லை. பூட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தரம் இழுக்கிற சத்தம். அவள் மற்றதற்காகக் காத்திருந்தாள்.