மதலைமுத்து மாமா கட்டிய பல்

சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் எட்டு மா, ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் மதலைமுத்து மாமா. என் அப்பாவின் தங்கை அமலி அத்தையைக் கட்டியவர். கட்டுவதற்கு முன்பே உறவுதான். அவருடைய அப்பாவும் என் அப்பாயியும் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை. ஒரே மகளை வேளாங்கண்ணிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் ஒரு ஜோடி மாடும்தான்.

மாமாவுக்கு நாற்பது வயதிலேயே ஈறு வீங்கிப் பல் ஆட ஆரம்பித்தது. மேல்வரிசை ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கடைசியாக நின்ற இரண்டும், ஏர் பூட்டும்போது மாடு வெடுக்கென்று தலையைத் திருப்பியதில் போயின. கீழே முன்பக்கம் மட்டும் ஐந்து நின்றன. ஐம்பத்திரண்டு வயதில் கன்னம் ஒட்டி, எழுபதைத் தாண்டியவர் மாதிரி இருப்பார். ஆனால் நெல் மூட்டையைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டுவார்.

களத்தில் நெல் காயும்போது ஒரு நெல்லை முன்பல்லால் கடித்துப் பார்ப்போம். டக்கென்று உடைந்தால் மூட்டை பிடிக்கலாம். நசுங்கினால் இன்னும் காய வேண்டும். பல் போன பிறகு மாமாவுக்காக அத்தைதான் கடித்துப் பார்த்துச் சொல்வாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் வாக்கில், குத்தகைக்காரர் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்ற சர்க்காரிலிருந்து ஆபீசர் வருவதாகத் தண்டோரா போட்டார்கள். பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் லேசில் நிலத்தைப் பிடுங்க முடியாது. ஆனால் சொந்தமாகப் பாடுபடுகிறவனுக்குத்தான் பதிவு என்று ஊரில் பேச்சு. மிராசுதாரின் காரியஸ்தர் சிங்காரவேலு அதைப் பிடித்துக்கொண்டார். டீக்கடையில் நாலு பேர் கேட்கவே சொன்னார்.

"மதலைமுத்தா? பல்லு போன கெழம். கஞ்சி முழுங்கறதே பெரும்பாடு, அவரு எங்கேருந்து ஏரு ஓட்டறது? ஆபீசர் வரட்டும், நானே காட்டறேன்."

சேதி மாமா காதுக்கு வந்தது. மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு மாயவரம் பஸ் ஏறினார். அங்கே ஒரு சீனாக்காரப் பல் டாக்டர் இருந்தார். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"தங்கத்துல நிரந்தரமா கட்டிருங்க டாக்டர். அசையக் கூடாது" என்றார் மாமா.

"பாலம் கட்டணும்னா ரெண்டு பக்கமும் தூண் வேணும்ல? மேல ஒரு பல்லுகூட இல்லையே ஐயா."

"அப்ப என்ன செய்யறது?"

"மேலுக்கு முழு செட்டு, கழட்டி மாட்டறது. கீழ ஆடற ரெண்டையும் புடுங்கிட்டு, நல்லா நிக்கறதுல கம்பிக் கொக்கி போட்டு மாட்டிடலாம். புண்ணு ஆற ரெண்டு மாசம் ஆகும்."

"ஆபீசர் மூணு வாரத்துல வந்துடுவாரு."

"ஒங்க பல்லப் பாக்கவா வர்றாரு?"

"ஆமாங்க" என்றார் மாமா.

டாக்டர் சிரித்துவிட்டு, இப்போதைக்கு மேல் செட் மட்டும் போதும் என்று அளவெடுத்தார். கெட்டியானதைக் கொஞ்ச நாளைக்குக் கடிக்க வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார்.

செட்டை மாட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்த அன்று அத்தை வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"யாருங்க வேணும்? எங்க வூட்டுக்காரரு மாயவரம் போயிருக்காரு."

"வழிய வுடுடி" என்றார் மாமா. வெட்கத்தில் காதெல்லாம் சிவந்துவிட்டது.

ஆபீசர் வந்தது தை மாதக் கடைசியில். சம்பா அறுத்துக் களத்தில் பரப்பியிருந்தோம். காரியஸ்தர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவர் நேராகக் களத்துக்கே வந்துவிட்டார். உழவர் வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது. குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளி மாமாவிடம் நீட்டினார்.

"இன்னைக்கு மூட்டை புடிக்கலாமா பெரியவரே?"

மாமா ஒரு நெல்லை எடுத்துப் புதுப் பல்லில் வைத்துக் கடித்தார். செட் ஒருபக்கம் தூக்கிக்கொண்டது. இன்னொரு நெல்லைக் கடித்தார். சொந்தப் பல்லென்றால் வேர்வரைக்கும் சேதி போகும். இது மரக்கட்டை மாதிரி. ஒன்றும் தெரியவில்லை. அவர் முகம் வெளுத்தது.

"பாத்தீங்களா சார்!" என்று சிங்காரவேலு சிரித்தார். தானும் ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடித்தார். "நல்லா காஞ்ச நெல்லு. இதுகூடத் தெரியல, இவரா வெவசாயம் பண்றாரு?"

மாமா செட்டைக் கழற்றித் துண்டில் சுற்றினார். கன்னம் பழையபடி ஒட்டிக்கொண்டது.

"அமலி, நீ வந்து பாரு."

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த அத்தை, நின்ற இடத்திலேயே ஒரு மணியை எடுத்துக் கடித்தாள்.

"நசுங்குது. நாளைக்கு ஒரு வெயில் காயணும்."

ஆபீசரும் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். அதுவும் நசுங்கியது. காரியஸ்தரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தை பக்கம் திரும்பினார்.

"எத்தினி வருஷமா நீங்க பாக்கறீங்க?"

அத்தை கூச்சப்பட்டு நிற்க, மாமாதான் சொன்னார். "எனக்குப் பல்லு போன நாள்லேருந்துங்க. ஏழு வருஷம். உழறது, சுமக்கறது நான். நாத்து நடறது, களை எடுக்கறது, கடிச்சுப் பாக்கறது அவ."

"ஆளு வெச்சுல்ல உழறாங்க சார்…" என்று காரியஸ்தர் ஆரம்பித்தார்.

"குடும்பத்தார் பாடுபட்டாலும் சொந்த உழைப்புதான்னு சட்டத்துல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஆபீசர் எழுத ஆரம்பித்தார்.

பெயர் ஏறிவிட்டது. ஆபீசரின் ஜீப் போனதும் அத்தை துண்டைப் பிரித்து, செட்டைத் தண்ணீரில் அலசி நீட்டினாள்.

"போட்டுக்குங்க. நல்லாத்தான் இருக்கு."

"கோயிலுக்குப் போட்டுக்கறேன். களத்துக்குத்தான் ஒன் பல்லு இருக்கே."

"எனக்கும் விழுந்துட்டா?"

மாமா செட்டை வாங்கி மறுபடி துண்டில் சுற்றினார்.

"நெல்ல ஒருநாள் கூடவே காயவெப்போம்."